பொழுது சாயுமுன் இரண்டு மாத்திரை

பெரிய காஞ்சிபுரம்
8-1-1974

தயாவதி டீச்சர் அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுத நேரமில்லை. உங்கள் தங்கை குணமாலா விஷயம்.

நான் இங்கே மனநோய்ப் புறநோயாளர் நிலையத்தில் நர்ஸ். பெங்களூரில் இதற்கென்றே படித்தவன். செவ்வாய்தோறும் ஆர்ப்பாக்கத்தில் உங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துகிறவன் நான்தான். அக்டோபரில் நீங்கள் அவரை அழைத்து வந்தபோது மாத்திரை அட்டை எழுதிக் கொடுத்ததும் நான்தான். காலை ஒன்று, இரவு உணவுக்குப் பின் இரண்டு. ஞாபகம் இருக்கும்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. பலன் இல்லை. காதில் கேட்கும் குரல் குறையவில்லை. பகல் முழுக்கக் கட்டை மாதிரி தூங்குகிறார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுகிறார். இரவில் தூக்கமே கிடையாது, எழுந்து நடக்கிறார். போன வாரம் இரண்டு தடவை கிணற்றடியில் நின்றவரை உங்கள் சித்தப்பா ரிஷபதாஸ் பிடித்து அழைத்து வந்திருக்கிறார். உங்கள் அம்மாவால் முடியவில்லை. வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று நான் அறிக்கை எழுதினேன். டாக்டர் ஒப்புக்கொண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிப் பட்டணத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

மனு பாரம் இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. நீங்கள் போடாவிட்டால் சித்தப்பா போடுவதாகச் சொல்கிறார். சம்பாதித்துக் குடும்பத்தை நடத்துகிறவர் நீங்கள் என்பதால் முதலில் உங்களைக் கேட்கிறேன். உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ப. தனசேகரன்

---

அரக்கோணம்
11-1-1974

ஐயா,

பாரம் கிடைத்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. காகிதம் வாங்க வழியில்லாத எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்துவிட்டேன். உருப்படியாக ஒரு காரியத்துக்கு ஆயிற்று.

உங்கள் கடிதத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கையெழுத்துக்கு மட்டும் போடுவேன். என் தங்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கட்டை மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

எங்களுக்கு அத்தை ஒருத்தி இருந்தாள். வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. நாற்பத்தெட்டாம் வருஷம் நீங்கள் சொல்லும் அதே பட்டணத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ‘குணமாகிவிட்டது, வந்து அழைத்துப் போங்கள்’ என்று ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கடிதம் வந்ததாம். போனவர் யாரும் இல்லை. அந்த மூன்றையும் பிரித்துப் படித்தவர் என் அப்பா. அவள் அங்கேயே செத்தாள். குற்றம் ஆஸ்பத்திரியின் மேல் இல்லை, எங்கள் மேல். அதனால்தான் கையெழுத்துப் போட மாட்டேன். எங்களை எனக்குத் தெரியும்.

உங்களை ஒன்று கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருகிறீர்கள். பத்து நிமிடத்தில் போகிறீர்கள். எங்கள் வீட்டில் மற்ற இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடம் எப்படிப் போகிறது என்று தெரியுமா? தெரியாது. தெரியாமலே ஒரு மனுஷியின் மிச்ச ஆயுளுக்குப் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

இதற்குப் பதில் இல்லாவிட்டால் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

தயாவதி

---

பெரிய காஞ்சிபுரம்
14-1-1974

டீச்சர்,

இன்று பொங்கல். எங்கள் தெருவில் ஒரு தறி கூட ஓடவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இந்த அமைதி வசதியாக இருக்கிறது.

பத்து நிமிடம் இல்லை, இருபது. எனக்கு நாற்பத்தொரு நோயாளிகள், ஒரு சைக்கிள். ஓரிக்கை தாண்டினால் பாலாற்று மணலில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். ஒருத்தருக்கு ஒரு நாள் என்று உட்கார்ந்தால் மற்ற நாற்பது பேரை யார் பார்ப்பது, உங்கள் எட்டாம் வகுப்பா?

மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று ஒவ்வொரு செவ்வாயும் உங்கள் அம்மாவைக் கேட்கிறேன். “கொடுக்கறேன்பா, ஒண்ணு கொறையாம கொடுக்கறேன்” என்கிறார். டப்பாவைத் திறந்து பார்க்கிறேன். இருக்க வேண்டிய அளவுதான் மிச்சம் இருக்கிறது. சரியான மருந்து, சரியான அளவு, மூன்று மாதம். பலிக்கவில்லை. இதுதான் உண்மை. உங்கள் அத்தைக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். அதற்காக உங்கள் தங்கை கிணற்றில் விழ வேண்டும் என்று இல்லை.

சித்தப்பா மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று. இருபத்தெட்டாம் தேதி விசாரணை.

ஆனாலும் பதில் இல்லாமல் வராதே என்று சொல்லிவிட்டீர்கள். வியாழக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை உங்கள் வீட்டிலேயே உட்காரப் போகிறேன். ஒரு முழு நாளைப் பார்த்து, மணிவாரியாக எழுதி, அந்தத் தாளை உங்களுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்புகிறேன். அப்போதாவது ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

தனசேகரன்

---

பெரிய காஞ்சிபுரம்
18-1-1974

டீச்சர்,

மணிவாரித் தாளை அனுப்பவில்லை. அது தொடங்குமுன்னே, காலை ஏழு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் எட்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எட்டிலிருந்து நாலு வரை உங்கள் தங்கை தூங்கினார். நான் எதிர்பார்த்தபடியே. எழுதிக்கொண்டே இருந்தேன், உள்ளுக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது. நாலரைக்கு உங்கள் அம்மா அடுப்பு மூட்டினார். ஐந்தரைக்கு இலை போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடுப்பா. அப்புறம் எங்க வூட்ல ஒண்ணும் கெடைக்காது.”

சாப்பிட்டேன். வெயில் இன்னும் கூடத்தில் இருந்தது. சாயங்கால டிபன் என்று நினைத்துக்கொண்டேன். இருட்டிய பிறகு, “அம்மா, ராத்திரி மாத்திரைய இப்ப குடுங்க, நான் பாக்கணும்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அறியாப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“ராத்திரி எங்கேப்பா குடுக்கறது? பொழுது போனா எங்களுக்குத் தண்ணி கூடப் பல்லுல படக்கூடாது. நாங்க சமணங்கன்னு உனக்குத் தெரியாதா? அதான் காலையிலேயே மூணையும் சேத்துக் குடுத்துடறேன். நீ சொன்னதுல ஒண்ணு கொறைக்கல.”

“இத ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லியேப்பா. குடுக்கறியான்னு கேட்ட, குடுக்கறேன்னு சொன்னேன்.”

டீச்சர், அந்த மூன்று மாத்திரையையும் காலையில் ஒன்றாக விழுங்கினால் நான் கூடப் பகல் முழுக்கக் கட்டை மாதிரிதான் கிடப்பேன். பகலெல்லாம் தூங்கினால் இரவில் விழித்துக்கொண்டு நடப்பேன். குரலை அடக்க இரவில் ரத்தத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது. நான் நோய் என்று எழுதியதில் பாதி என் அட்டை செய்த வேலை.

நான் தறிக்காரன் வீட்டுப் பிள்ளை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று விரல் வைத்துத் தேடிப் பிணைப்பார்கள். பாவையே அறுத்துப் போடுகிறவனுக்கு எங்கள் தெருவில் யாரும் தறி கொடுக்க மாட்டார்கள். நான் அதைத்தான் செய்தேன்.

அட்டையை அங்கேயே திருத்தினேன். காலை ஒன்று. மாலை ஐந்தரைக்குச் சாப்பாட்டோடு இரண்டு. இவ்வளவுதான்.

இன்று காலை டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். “ராத்திரின்னா ராத்திரி. ஊர்ல ஒவ்வொருத்தனும் எப்ப சாப்பிடறான்னு நாமளா பாத்துக்கினு இருக்க முடியும்? கையெழுத்துப் போட்ட சான்றிதழைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கில்ல” என்றார். உங்கள் சித்தப்பாவிடமும் போனேன். மனுவை வாபஸ் வாங்கச் சொன்னேன். “பட்டுப்புழுவ வேக வெக்கற வூட்டுப் பையன் எனக்குப் பாவ புண்ணியம் சொல்ல வந்துட்டியா? அவ கெணத்துல வுழுந்தா ஊர் உன்னக் கேக்காது, என்னத்தான் கேக்கும்” என்றார். இரண்டாவது பாதி நியாயம்தான்.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வாக்கியத்தை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

தனசேகரன்

---

அரக்கோணம்
21-1-1974

தனசேகரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்களை அடிக்க வேண்டும் போல் இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

மூன்றாம் முறை வேறொன்று உறைத்தது. அக்டோபரில் அந்த அட்டையை நானும் படித்தேன். ‘இரவு உணவுக்குப் பின்’ என்று நீங்கள் எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டியவளே நான்தான். சமண வீட்டில் பிறந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. இரவு உணவு என்ற ஒன்றே எங்கள் வீட்டில் கிடையாது என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

சொல்கிறேன். அரக்கோணத்தில் மூன்று ஆசிரியைகள் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறோம். பள்ளி விட்டு, நோட்டுத் திருத்தி, சமைத்து முடிக்க ஏழரை ஆகிறது. ஆறு வருஷமாக நான் இருட்டிய பிறகுதான் சாப்பிடுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. ஊருக்குப் போகும் நாட்களில் ஐந்தரைக்கே உட்கார்ந்து பசியில்லாமல் சாப்பிட்டு நடிக்கிறேன். அந்த அட்டையை நான் அரக்கோணத்துக் கண்ணால் படித்தேன். இதை நீங்கள் அம்மாவிடம் சொல்லக் கூடாது. சொன்னால் உங்கள் சைக்கிளைப் பாலாற்றிலேயே புதைத்துவிடுவேன்.

ஆக, தவறு உங்கள் ஒருவருடையது இல்லை. ஆனால் அறிக்கை உங்கள் ஒருவருடையது. என்ன செய்வது என்று தெரியவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது. மையால் எழுதியதை மையால்தான் அடிக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி மாஜிஸ்திரேட் முன்னால் வந்து ‘நான் எழுதியது தப்பு’ என்று சொல்லுங்கள். என்னிடம் சொல்வதில் ஒரு பெருமையும் இல்லை. நான் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு விடுப்பு வாங்கிவிட்டேன்.

வேலை போய்விடும் என்று பயமா? பயமாக இருந்தால் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். உங்களை நம்பாமல் வேறு வழி பார்க்கிறேன்.

தயாவதி

---

பெரிய காஞ்சிபுரம்
24-1-1974

டீச்சர்,

பயம்தான். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் நான். ‘நிலையத்துக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் நிலையத்தில் தொடர இயலாது’ என்று டாக்டர் நேற்று மெமோ கொடுத்தார். அப்பாவிடம் காட்டினேன். தறிக் குழியில் காலை வைத்தபடியே படித்துவிட்டு, “இதுல உன் தப்பு எங்க எழுதியிருக்குது?” என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை.

மெமோவின் அடியிலேயே பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: ‘சாட்சி நிலையத்துக்கு எதிரானது அல்ல. எனக்கு எதிரானது.’

வருகிறேன்.

இன்னொன்று. இந்த ஒரு வாரத்தில் உங்கள் தங்கை பகலில் எழுந்து உட்காருகிறார். இரவில் நடப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. குரல் இன்னும் கேட்கிறது. நான் அற்புதம் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை.

தனசேகரன்

---

அரக்கோணம்
30-1-1974

தம்பி தனசேகரனுக்கு,

கோர்ட்டில் உங்களிடம் பேச முடியவில்லை. நீங்கள் கூண்டிலிருந்து இறங்கிய வேகத்தில் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வக்கீல் யாரையும் வைக்காமல் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றீர்கள். “எத்தனை வருஷம் படிச்சீங்க?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். நாலு என்றீர்கள். “நாலு வருஷம் படிச்சவருக்கு வேளை பார்த்து மாத்திரை கொடுக்கத் தெரியலையா?” கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா கூடச் சிரித்தார். “அப்ப தெரியலைங்க. இப்ப தெரியும்” என்று சொல்லிவிட்டு, “ஆறு வாரம் குடுங்க, எனக்குத் தெரிஞ்சது சரியா இல்லையான்னு பாத்துட்டு அப்புறம் உத்தரவு போடுங்க” என்றீர்கள். இப்படித் தவணை கேட்க யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கே அது தோன்றவில்லை.

ஆறு வாரத் தவணை. மார்ச் பதினொன்று. அன்றைக்குக் குணமாலாவையே நேரில் அழைத்து வர வேண்டும், அவளையே விசாரிப்பேன் என்கிறார். என்னால் வர இயலாது, பரீட்சை வேலை. நான் பயப்படுவது ஒரு கேள்விக்குத்தான். குரல் கேட்கிறதா என்று கேட்டால் அவள் பொய் சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நோயாளிகள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் உங்களை மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டாராமே. வேலை போகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். ஜன்னலில் உட்காருவதில் சந்தோஷம் இல்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அம்மா தெருவைப் பார்க்கிறாளாம்.

தயாவதி

---

பெரிய காஞ்சிபுரம்
12-3-1974

தயாவதி டீச்சருக்கு,

தந்தி கிடைத்திருக்கும். மனு தள்ளுபடி. தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

நேற்றுக் குணமாலா உங்கள் அம்மாவோடு வந்தார். சித்தப்பா தனியாகத் தள்ளி நின்றார். மாஜிஸ்திரேட் முதல் கேள்வியே நீங்கள் பயந்த கேள்விதான் கேட்டார்.

“காதுல குரல் கேக்குதாம்மா?”

“கேக்குதுங்க.”

“இப்ப?”

“இப்பவும் பேசிக்கினுதான் இருக்குது. ஆனா நீங்க கேட்டதுக்குத்தானே நான் பதில் சொல்றேன்.”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். பட்டணத்துக்குப் போக இஷ்டமா என்று கேட்டார். “எனக்கு ஒடம்பு மோசமானா போறேன். போனா திரும்பக் கூட்டியார யார் வருவாங்கன்னு மொதல்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க” என்று சித்தப்பாவைக் காட்டினார். சித்தப்பா எழுதித் தர முன்வரவில்லை. அத்தை கதை அவருக்கும் தெரியும்தானே. அதோடு முடிந்தது.

இன்று காலை நான் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையில் குணமாலா நிற்கிறார். தனியாக, பஸ் பிடித்து வந்திருக்கிறார். பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன். விடவில்லை.

“உன் நோட்டுல போன ஐப்பசில நான் சொன்னத எழுதினியே, அத எடு.”

எடுத்தேன். அக்டோபர் முப்பது. என் கையெழுத்துதான். ‘காலை மாத்திரை போட்டால் நாள் முழுவதும் தூக்கம் வருகிறது என்கிறார். நோயாளியின் பேச்சு. நம்பத்தக்கதல்ல.’

“படி” என்றார். வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர். படித்தேன், கடைசி இரண்டு வாக்கியத்தையும் விடாமல். நாலு வருஷப் படிப்பில் இதைப் போல ஒரு பரீட்சை எனக்கு வைக்கவில்லை.

“நீயும் எங்கக்காவும் எனக்காக மாத்தி மாத்திக் கடுதாசி போட்டீங்களாமே. அம்மா சொன்னாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது எனக்கு ஒண்ணு போட்டீங்களா? எனக்குப் படிக்கத் தெரியும்பா, எஸ்எஸ்எல்சி.”

டீச்சர், இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் அவருக்கே எழுதுங்கள். 

பிறகு அட்டையை நீட்டினார். காலை மாத்திரையால் இன்னும் மயக்கமாக இருக்கிறதாம், வயல் வேலைக்கு ஆகவில்லையாம். அதையும் சாயங்காலமே சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். சரியான கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டியது. உள்ளே போய் டாக்டரிடம் அவர் கேட்ட வார்த்தையிலேயே கேட்டேன். டாக்டர் என்னைப் பார்க்காமல், “போட்டுக்கட்டும், ரெண்டு வாரம் கழிச்சு ரத்த அழுத்தம் பாரு” என்றார். அட்டையில் நான் அன்று அடிக்காமல் விட்டிருந்த, ‘இரவு’ என்று அச்சடித்த சொல்லைக் குணமாலாவே என் பேனாவை வாங்கி அடித்து, ‘பொழுது சாயுமுன்’ என்று எழுதினார். அவர் போனதும் மேஜையில் இருந்த புது அட்டைகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல்லை நான் அடித்து வைத்தேன். ‘எப்போது சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்டுவிட்டுத்தான் இனி அந்த இடத்தில் எழுதப்போகிறேன். டாக்டர் பார்த்தார். அச்சடித்ததை வீணாக்குகிறாய் என்றார். ஆமாம் என்றேன்.

போகும்போது குணமாலா திரும்பி, “செவ்வாக்கெழமைக்கு அம்மா எதிர்பாக்கறாங்க. ஆனா அடுத்த செவ்வா வராத. உளுந்து புடுங்கறோம், எனக்கு நேரமில்ல. வியாழக்கெழம சாயங்காலம் வா. அஞ்சரைக்குள்ள வந்தா சோறு உண்டு” என்றார்.

எனக்கு வீடுகளுக்குப் போகத் தடை இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார், அதைத் தள்ளிப் போட என்னால் முடியாது. வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘நோயாளி வரச் சொன்னார்’ என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் கையெழுத்துப் போடுவதானால் போடட்டும். போடாவிட்டாலும் நாலு மணிக்கு ஓரிக்கையைத் தாண்டியிருப்பேன்.

தனசேகரன்